காலையில் ‘தம்பி’, சாயங்காலம் ‘முட்டாள்’: மூடு மாறும் முதலாளியிடம் வேலை பார்ப்பது

கேட்டவர் எழுதியிருந்ததன் சுருக்கம்: திருப்பூரில் ஒரு குடும்ப எக்ஸ்போர்ட் கம்பெனியில் 4 வருடம் 3 மாதமாக மெர்ச்சண்டைசர், அதாவது பையர் எனப்படும் வெளிநாட்டு வாங்குபவரின் ஆர்டரைச் சரக்கு போய்ச் சேரும்வரை கவனிக்கிற வேலை. எம்.டி. காலையில் தோளில் கை போட்டுப் பேசுவார். மதியத்துக்கு மேல் அதே ஆள் சேம்பிளைத் தூக்கி எறிவார். நேற்றுச் சொன்னதை இன்று “நான் சொல்லவே இல்லை” என்பார். போன வாரம் கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாத வார்த்தையில் திட்டிவிட்டார். தங்கை கல்யாணத்துக்கு இவர் அந்த எம்.டி.யிடமே 80,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். “இந்த மாசமே விட்டுடலாமா அண்ணா, இல்ல சமாளிக்க வழி இருக்கா?”

தம்பி, நான் இதே ஊரில் 11 வருடம் மெர்ச்சண்டைசராகவும் அப்புறம் 16 வருடம் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கிற பர்சனெல் மேனேஜராகவும் இருந்தவன். நானே திட்டு வாங்கியிருக்கிறேன். திட்டு வாங்கியவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவரை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சம்பளம் கொடுக்கிற மனிதரின் குணத்தைச் சம்பளம் வாங்குகிறவர் மாற்றி நான் பார்த்ததில்லை. நம் கையில் இருப்பது இரண்டு விஷயம். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் வேலையும் தகவலும் எப்படிக் கைமாறுகின்றன என்பது ஒன்று. வெளியே போக உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறதா என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பென்னட் டெப்பர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்படிக் கொடுமையாக நடந்துகொள்கிற மேலதிகாரிகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு வேலையில் மட்டுமல்லாமல் வாழ்க்கையிலேயே திருப்தி குறைகிறது, வீட்டில் சண்டை வருகிறது, மனம் சோர்ந்துபோகிறது என்றது அந்த ஆய்வு. இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் இன்னொன்றும் இருந்தது. வேறு வேலைக்குப் போக வழியில்லை என்ற நிலையில் இருக்கிறவர்களுக்குப் பாதிப்பு அதிகமாக இருந்தது. அதே திட்டுதான். போக இடம் இருக்கிறவருக்கு அது சட்டையோடு நின்றுவிடுகிறது, இடம் இல்லாதவருக்கு உள்ளே இறங்குகிறது. என் மேசைக்கு வந்தவர்களிடமும் இதையேதான் பார்த்தேன். அதனால் இருப்பதா போவதா என்று முடிவு எடுப்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கடைசியில் வருகிறேன். அதுவரைக்கும் தினமும் அங்கேதானே போக வேண்டும், அதை முதலில் பார்ப்போம்.

முதலாளியின் மூடு எங்கே வந்து வேலையைக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். எம்.டி.யின் கார் வந்து நின்றதும் வாட்ச்மேன் கார்க் கதவு சாத்துகிற சத்தத்தைக் கவனிப்பார். படாரென்று சாத்தினால் இன்டர்காமை எடுத்து, “இன்னைக்கு மேகமூட்டமுங்க” என்பார். ஐந்து நிமிடத்தில் அது சேம்பிள் செக்‌ஷன், கட்டிங், அக்கவுண்ட்ஸ் வரைக்கும் போய்விடும். அன்றைக்கு யாரும் அவர் ரூம் பக்கம் போக மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், 4,200 பீஸ். பிரிண்டிங்கிலிருந்து முதல் கட்டாக 600 பேனல், அதாவது தைப்பதற்கு முன் வெட்டிய துணித் துண்டுகள், வந்திருந்தது. நெஞ்சில் ஒரு யானை படம். கழுத்திலிருந்து 7 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் ஒரு பேனலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, டேப்பை வைத்தார். 9 இருந்தது. அடியிலிருந்து இன்னொன்றை உருவி வைத்தார். அதுவும் 9. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “சொல்லிடலாங்களா?” என்றார். அன்று காலை மேகமூட்டம். “நாளைக்கு நல்ல மூட்ல இருக்கறப்ப சொல்லிக்கலாங்க” என்றேன். புதனும் அப்படியே போனது. வியாழன் பேங்கிலிருந்து ஆள் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறந்தபோது மீதிப் பேனலும் அச்சாகி, பாதிக்கு மேல் தைத்தே முடித்திருந்தார்கள். மறுபடி துணி ஓட்டி, டையிங் போட்டு, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்த ஆர்டரின் லாபம் முழுக்க ஏர் ஷிப்மென்ட்டிலேயே கரைந்துவிட்டது.

அவர் அன்றைக்குக் கத்தினார்தான். ஆனால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் 600 பேனலோடு முடிந்திருக்கும். கோபக்கார முதலாளியின் கம்பெனியில் கெட்ட செய்தி எப்போதும் தாமதமாகத்தான் மேலே போகும். தாமதமாகப் போனால் நஷ்டம் பெரிதாகும், நஷ்டம் பெரிதானால் கோபமும் பெரிதாகும். இந்தச் சுற்றை அறுப்பதற்கு உங்களால் ஒரு காரியம் செய்ய முடியும். கெட்ட செய்தியை அன்றன்றைக்கே, எழுத்தில், வழியோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. மூடு பார்த்து வேலையின் நேரத்தை மாற்றாதீர்கள். பேச்சின் நேரத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் என்றால் பெரிய மெயில் வேண்டாம். நான்கு வரி போதும். என்ன ஆயிற்று, எத்தனை பீஸ், என்னென்ன வழி, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும். உதாரணமாக: “சார், யானை பிரிண்ட் 2 செ.மீ. கீழே இறங்கியிருக்கு. வந்தது 600 பேனல். மீதியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒன்று, பையரிடம் போட்டோ அனுப்பி 600-க்கு மட்டும் அப்ரூவல் கேட்கலாம். இல்லாவிட்டால் பிரிண்டர் செலவில் மாற்றி எடுக்கலாம், 4 நாள் ஆகும். மதியம் 2 மணிக்குள் சொன்னால் ஷிப்மென்ட் தேதி தவறாது.” இந்த மாதிரி ஒரு வாட்ஸப் போய்விட்டால், அவர் நேரில் கத்தினாலும் பேச்சு ‘நீ ஏன் இப்படி’ என்பதிலிருந்து ‘இதா, அதா’ என்பதற்கு வந்துதான் ஆக வேண்டும். உடனே வராது. மூன்றாவது, நான்காவது முறையில் வரும்.

அப்புறம் அவருடைய மூடைக் கொஞ்சம் கணக்கு எடுத்துப் பாருங்கள். மூன்று, நான்கு வாரம் ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் குறித்து வாருங்கள். பெரும்பாலும் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். நம் ஊரில் பல கம்பெனிகளில் சனிக்கிழமை வாரக் கூலி. பையரிடமிருந்து பணம் வர இரண்டு, மூன்று மாதம் ஆகும், கூலியோ வாரா வாரம் கொடுத்தாக வேண்டும். அதனால் வியாழன், வெள்ளி என்றாலே முதலாளிக்குப் பணத்தைப் புரட்டுகிற நாள். மாதத்தில் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப். கட்ட வேண்டும், 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்குப் போக வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளில் பெரும்பகுதிக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஊரில் எத்தனை ஆபீஸ்களில் எத்தனை பேர் திட்டு வாங்கினார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் அவரை மன்னிப்பதற்காகச் சொல்லவில்லை. கடன் நெருக்கடி இருக்கிற எல்லோரும் சேம்பிளை எறிவதில்லை. கணக்கு எடுப்பதால் வேறு ஒரு நன்மை இருக்கிறது. ‘நான்தான் ஏதோ தப்புச் செய்கிறேன்’ என்று ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருக்கும் பாருங்கள், அது அந்த நோட்டைப் பார்க்கும்போது நின்றுபோகும். 20 முறை கத்தியதில் உங்கள் தப்பு நான்கோ ஐந்தோதான் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அந்த நான்கைந்தையும் நேர்மையாக ஒத்துக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். மீதி அவருடையது.

கத்துகிற நேரத்தில் என்ன செய்வது? விளக்கம் சொல்லாதீர்கள். நியாயம் நம் பக்கம் இருக்கும்போதுதான் விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எந்த விளக்கமும் அவர் காதில் ஏறாது, ‘எதிர்த்துப் பேசுகிறான்’ என்று மட்டும்தான் ஏறும். நோட்டையும் பேனாவையும் கையில் வைத்திருங்கள். அவர் சொல்வதில் வேலை சம்பந்தப்பட்டது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். எழுதுகிற ஆளைப் பார்த்துக் கத்துவது கொஞ்சம் சிரமம், அதோடு நம் கை நடுங்குவதும் வெளியே தெரியாது. இடைவெளி கிடைத்ததும், “சரிங்க சார், பத்து நிமிஷத்துல முழு டீட்டெய்லோட வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பத்து நிமிடத்தில் கண்டிப்பாகப் போங்கள். போகாவிட்டால் அடுத்த முறை இந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

எல்லோர் முன்னாலும் திட்டுவது வேறு விஷயம். அதைப் பேசாமல் விடக் கூடாது, ஒரு முறையாவது சொல்லியாக வேண்டும். சும்மா விட்டால் அது வழக்கமாகிவிடும். கீழே வேலை செய்கிறவர்களும் உங்களை அப்படியே நடத்த ஆரம்பிப்பார்கள். சொல்வதற்கு நல்ல நாள், நல்ல நேரம் பாருங்கள், தனியாக இருக்கும்போது. ‘எனக்கு மனசு கஷ்டமா இருக்கு’ என்று ஆரம்பித்தால் அவர் ஒரு டீ சொல்லி, நாலு ஆறுதல் வார்த்தை பேசி அனுப்பிவிடுவார், அடுத்த வாரம் பழைய கதைதான். அவருடைய வேலைக்கு அதனால் என்ன கெடுகிறது என்பதில் ஆரம்பியுங்கள். நான் ஒரு முறை சொன்னது இது: “சார், தப்பு இருந்தா ரூமுக்குக் கூப்பிட்டு எவ்வளவு வேணாலும் சொல்லுங்க. கட்டிங் மாஸ்டர் முன்னாடி சொன்னா, நாளைக்கு நான் சொல்றபடி அவர் துணியை வெட்ட மாட்டாருங்க. உங்க சரக்குத்தான் நிக்கும்.” அவர் பதிலே பேசவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த நான்கைந்து மாதம் ஃப்ளோரில் என்னைத் திட்டவில்லை. அப்புறம் ஒரு நாள் மறுபடி ஆரம்பித்தார், நானும் மறுபடி போய்ச் சொன்னேன். இது ஒரே நாளில் தீர்கிற வியாதி இல்லை.

வார்த்தையை மாற்றிப் பேசுகிற முதலாளிக்கு மருந்து எழுத்துதான். வாயால் சொன்னதை அரை மணி நேரத்துக்குள் வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள்: “சார், நீங்கள் சொன்னபடி ரிப் கலரை மாற்றச் சொல்லிவிட்டேன், டையிங் இன்று இரவு போகிறது.” குற்றம் சாட்டுகிற தொனி துளியும் வேண்டாம். ‘ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்’, ‘பிறகு மாற்றிப் பேசக் கூடாது’ என்பதெல்லாம் நெருப்பில் நெய். வேலை நகர்ந்ததற்கான தகவல் மாதிரி இருக்கட்டும். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, நீல டிக் விழுந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் சேர்க்கிறேன் என்று பையரின் காஸ்டிங் ஷீட்டையோ ஆர்டர் விவரத்தையோ உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். நாளை பிரச்சினை வந்தால் அவர் கத்தியது பின்னால் போய்விடும், நீங்கள் கம்பெனி ரகசியத்தைத் திருடியது முன்னால் நிற்கும். உங்கள் நோட்டு, உங்கள் சம்பள ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், முன்பணக் கணக்கு இவை போதும்.

பேக்கரிப் பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு டீக்குப் போய் எல்லோருமாகச் சேர்ந்து முதலாளியை அலசுவது மனதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் திருப்பூரில் பேக்கரியில் பேசியது ஆறு மணிக்குள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்துவிடும், கூடக் கொஞ்சம் சேர்ந்தும் வரும். ஆற்றாமையைக் கொட்ட வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பர் இருந்தால் போதும். குடும்பக் கம்பெனியில் பெரும்பாலும் எம்.டி. யார் பேச்சுக்காவது அடங்குவார். பழைய அக்கவுண்டன்ட், தம்பி, சில இடங்களில் வீட்டு அம்மா. அந்த ஒருவரிடம் கோள் சொல்லாமல், வேலை கெடுகிறது என்கிற அளவில் மட்டும் சொல்லி வைப்பதில் தப்பில்லை.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த 80,000 ரூபாய்க்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமாகப் பட்டது.

எப்போதும் கெட்டவராக இருக்கிற முதலாளியை விட்டு ஜனங்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். விட முடியாமல் கட்டிப்போடுகிறவர், பாதி நாள் தங்கமாக இருக்கிறவர். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் கேட்காமலேயே பணம் எடுத்துக் கொடுப்பார், கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து மொய் வைப்பார். அது நடிப்பும் இல்லை, அந்த நேரத்தில் மனதார செய்வதுதான். அதனால்தான் அடுத்த நாள் அவர் எறியும்போது நமக்குக் கோபத்தை விடக் குற்ற உணர்ச்சி முன்னால் வருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்திருக்கிறார்கள், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கொடுத்த பணம் ஒரு கணக்கு, அவர் உங்களை நடத்துகிற விதம் வேறு கணக்கு. முதல் கணக்கைப் பணமாகவே திருப்பிக் கொடுக்க முடியும். அதை அவமானத்தால் கட்ட வேண்டியதில்லை. நல்ல வார்த்தை பேசிய நாளில் தலை கால் புரியாமல் சந்தோஷப்படுவதையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அவர் பாராட்டில் உயரமாக ஏறினால், விழும்போதும் அங்கிருந்துதான் விழ வேண்டும்.

இன்னொரு கோடும் இருக்கிறது. மூடு சரியில்லை என்பது ஒன்று, சட்டத்தை மீறுவது வேறு. வெறுமனே கத்துவதைத் தனிக் குற்றமாகச் சொல்கிற சட்டம் நம் நாட்டில் இல்லை. வேலையிடத்தில் வன்முறையும் தொல்லையும் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் 190-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஆனால் இந்தியா முறைப்படி ஏற்று உறுதி செய்யாத உடன்படிக்கை அது. அதனால் ‘கேஸ் போட்டு உள்ளே தள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள்.

ஆனால் கை நீட்டினால் அது போலீஸ் விஷயம். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அந்தச் சமூகத்தில் சேராதவர் பிறர் பார்வையில் படுகிற இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களிடம் பாலியல் ரீதியாகப் பேசினாலோ நடந்தாலோ 2013-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், தலைமை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘அவர் மூடு அப்படி’ என்று சொல்லிச் சொல்லியே இந்த மூன்று மாதத்தைக் கடத்திவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். கூட இருந்தவர்களே அப்படிச் சொல்லிக் கடத்த வைத்திருக்கிறார்கள். அது மூடு இல்லை.

கோபத்தில் ‘நாளையிலிருந்து வராதே’ என்றால்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் 41-ஆவது பிரிவு, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்த ஆளைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது என்கிறது. அதனால் வாய் வார்த்தையைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், நாளைக்கு ‘அவனாகவே நின்றுவிட்டான்’ என்பார்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடவில்லை என்றால் அன்றே ‘வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை’ என்று மெயில் போடுங்கள்.

இனி அந்தக் கதவு. உங்களுக்கு 5 வருடம் முடிய 9 மாதம் இருக்கிறது. கிராஜுவிட்டி, அதாவது 5 வருடம் முடித்து விலகுகிறவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய பணிக்கொடை, பலர் மறந்துவிடுகிற பணம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அதனால் பெருக்க வேண்டும். 20,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 800, ஒரு வருடத்துக்கு 12,000, ஐந்து வருடத்துக்கு 60,000. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே 5 வருடம் ஆனதாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கலாம். முழு 5 வருடம் என்றால் பேச்சே இல்லை. 4 வருடம் 7 மாதத்தில் ஒரு மத்தியானம் கோபத்தில் ஐ.டி. கார்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுப் போன ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தப் பணம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

இந்த 9 மாதத்தைத் தண்டனைக் காலமாக நினைக்காமல் தயாராகிற காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை மாதம் 9,000 வீதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 9 மாதத்தில் தீர்ந்துவிடும். வீட்டுச் செலவைச் சுருக்கி மூன்று மாதச் செலவுக்காவது பணம் சேர்த்து வையுங்கள். நீங்கள் பார்த்த பையர்கள், சரக்கு வகை, மாதத்துக்கு எத்தனை ஸ்டைல் கையாள்கிறீர்கள் என்பதை வைத்து பயோடேட்டாவைப் புதுப்பியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது வெளியே ஒரு இன்டர்வியூ போய் வாருங்கள், வேலை மாற வேண்டும் என்றே இல்லை. வெளியே உங்களுக்கு என்ன விலை என்று தெரிந்த பிறகு நீங்கள் அந்த ரூமுக்குள் நுழைகிற விதமே மாறும். பட்டச் சான்றிதழின் ஒரிஜினலைக் கம்பெனியில் கொடுத்து வைத்திருந்தால், பேங்க் லோன், பாஸ்போர்ட் என்று ஏதாவது தேவைக்காக இப்போதே திரும்ப வாங்கி வையுங்கள்.

போகிற நாளில் ராஜினாமா இரண்டு வரி. காரணம், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். நோட்டீஸ் காலம் முழுக்க ஒழுங்காக வேலை பார்த்து, கைமாற்றிக் கொடுத்ததற்கு ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியை அவர்கள் ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். தளத்தில் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். இது தெரியாமல் பழைய முதலாளி வாசலில் போய் நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒன்பது மாதம் என்று சொன்னது உடம்பும் மனமும் தாங்குகிறவரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, வண்டியை கம்பெனி கேட்டுக்குள் திருப்பும்போது நெஞ்சு படபடக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் இருக்கிறது. அரசு நடத்துவது, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு தடவை தலை காட்டினாலும் கணக்கெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அன்றே வெளியே வாருங்கள். 60,000 ரூபாயை எங்கேயும் சம்பாதிக்கலாம்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த யானை பிரிண்ட் விவகாரத்துக்குப் பிறகு, ரூமுக்குள் வாங்கியதெல்லாம் வாங்கிவிட்டு நேராகச் செக்கிங் மேசைக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா பீஸைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிசிறு வெட்டாமல் ஒரு பீஸ் போயிருந்தது. ஒரே ஒரு பீஸ். அதற்கு நான் கத்திய கத்தலில் லைனில் மெஷின் சத்தம் நின்றது. அந்த அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரிம்மரை எடுத்து அந்த நூலை வெட்டினார், பீஸை மடித்தார், “உள்ள வாங்குனதை இங்க எறக்காதீங்க சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். திட்டியதும் எல்லோர் முன்னால்தானே.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இந்த மாசம் விட வேண்டாம். நாளைக்குக் காலையில் அக்கவுண்ட்ஸுக்குப் போய், 80,000-இல் இதுவரை எவ்வளவு கழிந்திருக்கிறது, பாக்கி எவ்வளவு என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.